சாத்தான்குளத்தில் பேசிய ஃப்ளாப்பி

நேற்று பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் வண்ணாரப்பேட்டையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பெண் கைப்பேசியைக் காதோடு ஒட்டி வைத்திருந்தாள். அவள் விரல் திரையைத் தடவத் தடவ உள்ளிருந்து ஒரு குரல் படபடவென்று பேசியது. அந்த வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவளோ பாதி கேட்கும்போதே அடுத்ததற்குத் தாவிக்கொண்டிருந்தாள். இன்னொரு கையில் மடித்த வெள்ளைக் கோல். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான் போக வேண்டிய பஸ்ஸும் அதுதான். ஏற மறந்து நின்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் நீதான் மனதில் நின்றாய். அதனால் எழுத உட்கார்ந்தேன். நீ உயிரோடு இருந்த காலத்தில் இப்படிக் கையால் எழுதியிருந்தாலும் இதை யாராவது வாசித்துக் காட்டித்தான் நீ கேட்டிருப்பாய். பெரும்பாலும் அந்த ஆள் நானாகவே இருந்திருப்பேன். என் கடிதத்தை நானே உனக்கு வாசித்திருப்பேன். "எழுத்துல ஒரு மாதிரி பேசுத, வாயில வேற மாதிரி பேசுத" என்று நீ கேலி செய்திருப்பாய்.

தொண்ணூறுகளின் பின்பாதி. பாளையங்கோட்டை தெற்கு பஜாரில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் நம் கம்ப்யூட்டர் சென்டர். மேலப்பாளையத்திலிருந்து நான் டைப்பிங் சொல்லிக்கொடுக்க வந்தேன். நீ எனக்கு முன்பே அங்கே இருந்தாய், உள்ளறையில், திறந்து போட்ட கம்ப்யூட்டர்களுக்கு நடுவில். பழுது பார்க்கும் வேலையில் ஒரு பெண்ணை நான் அதுவரை பார்த்ததில்லை. முதல் நாள் என் சுடிதார் நுனி ஒரு ஒயரில் மாட்டியபோது தலையைத் தூக்காமலே சொன்னாய்: "ஏளா, பைய வா. அதுக்கு இப்பதான் உசிரு வந்துருக்கு."

உன் கண்ணைப் பற்றி எனக்குத் தெரிய ஒரு வருடம் ஆயிற்று. மாலையானால் படிக்கட்டில் என் கையைப் பிடித்துக்கொள்வாய். நான் அதைச் சிநேகம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் மேசை ஓரத்தில் இருந்த டம்ளரைத் தட்டிவிட்டு, தண்ணீர் வழிய வழிய நின்றபடி சொன்னாய்: "ஓரத்துல இருக்கது எதுவும் தெரியலட்டி. நடுவுல ஒரு ஓட்ட வழியா பாக்கேன். அந்த ஓட்டயும் சின்னதாயிட்டே வருது." மதுரை வரை போய்க் காட்டியிருக்கிறாய். மருந்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். உன் வீட்டில் எல்லோரும் வாத்தியார்கள். நீயும் பள்ளிக்கூட வேலைக்குப் போயிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்று உன் அப்பா வருத்தப்பட்டாராம். உனக்கு அந்த வருத்தமே இல்லை. "எனக்கு மெஷின் போதும்" என்றாய்.

அடுத்த மழைக்காலத்துக்குள் அந்த ஓட்டையும் மூடிவிட்டது.

சென்டர் முதலாளி அண்ணாச்சி கெட்டவர் இல்லை. உன்னை உட்கார வைத்து, குரலை எவ்வளவு தணிக்க முடியுமோ அவ்வளவு தணித்துத்தான் பேசினார். "எம்மா, நீ இனி முன்னால ஃபோன் எடுக்க இடத்துல இரி. ஸ்க்ரீன் தெரியாம ரிப்பேர் எப்படிம்மா பாப்ப?" நீ, "பொங்கல் வர டைம் குடுங்க அண்ணாச்சி. அதுக்குள்ள மெஷினப் பேச வச்சிருதேன்" என்றாய். அவர் என்னைப் பார்த்தார். உனக்கு மூளை கலங்கிவிட்டதோ என்று அந்தப் பார்வை கேட்டது. எனக்கும் தெரியவில்லை.

பேசும் புரோகிராம் ஒன்று நம் கைக்கு வந்தது என் அண்ணனால். அவன் அரபு நாட்டில், தம்மாமில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். கண் தெரியாதவர்களுக்கென்று யாரோ எழுதி, யாரும் இலவசமாக நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்த ஒரு புரோகிராமை, ஊருக்கு வந்த ஒருவர் கையில் பேரீச்சம்பழத்தோடு கொடுத்தனுப்பினான். திரையில் இருக்கும் எழுத்தையெல்லாம் அது ஆங்கிலத்தில் வாசிக்கும். தனியாக ஸ்பீக்கர் வேண்டாம். எந்தக் கம்ப்யூட்டரைப் போட்டாலும் முதலில் 'பீப்' என்று கத்துமே, பெட்டிக்குள் இருக்கும் அந்தச் சின்ன ஸ்பீக்கரிலேயே பேசும். அதன் குரலை முதன்முதல் கேட்டபோது சென்டரே சிரித்தது. கிணற்றுக்குள் உட்கார்ந்து ஒரு தவளை ஆங்கிலம் படிப்பது போல இருந்தது. நீ மட்டும் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து, "இன்னொரு தடவ" என்றாய். அன்றிலிருந்து அதற்குப் பெயர் 'தவக்களை'.

ஆனால் நம் சென்டர் கம்ப்யூட்டரில் அது பேசி என்ன பயன்? உன்னிடம் வருவதெல்லாம் செத்த கம்ப்யூட்டர்கள். ஹார்ட் டிஸ்க் எழும்பாது. உள்ளே எதையும் ஏற்ற முடியாது. அப்படிப்பட்டவற்றை எழுப்ப அந்தக் காலத்தில் ஒரு ஃப்ளாப்பி வைத்திருப்போம். உள்ளங்கை அளவுத் தகடு. அதைச் செருகிப் போட்டால் கம்ப்யூட்டர் தன் சொந்த டிஸ்க்கை நம்பாமல் அந்தத் தகட்டிலிருந்தே விழித்துக்கொள்ளும். விழித்த பிறகு என்ன கோளாறு என்று பார்க்கலாம். தவக்களை அந்தத் தகட்டுக்குள் வர வேண்டும் என்றாய். எந்த ஊரில், யார் வீட்டில், எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் அது எழுந்து உன்னோடு பேச வேண்டும்.

அந்தத் தகட்டில் இடம் எவ்வளவு குறைவு என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். இன்று எடுக்கும் ஒரு புகைப்படம்கூட அதில் கொள்ளாது. அதற்குள் கம்ப்யூட்டரை எழுப்பும் கோப்புகள், டிஸ்க்கைச் சரிபார்க்கும் கருவிகள், போதாததற்குத் தவக்களை. நான் திரையைப் பார்த்துப் பெயர்களை வாசிப்பேன். எது வேண்டும், எது வேண்டாம் என்று நீ சொல்வாய். கல்யாணத்துக்குப் போக ஒரே பெட்டியில் துணி அடுக்குகிற மாதிரி எடுத்து எடுத்து வைத்தோம்.

அடுக்கி முடித்துப் போட்டால் தவக்களை பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. தன் சாமான்கள் எல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும் என்று நம்பி எழுதப்பட்ட புரோகிராம் அது. ஹார்ட் டிஸ்க்கே இல்லாத இடத்தில் தேடித் தேடிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டது. நான் விட்டுவிடலாம் என்றேன். நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். "அதுக்கு ஒரு வீடு வேணும், அவ்வளவுதான? நம்ம ஒரு வீடு கெட்டிக் குடுப்போம்" என்றாய்.

கட்டிக் கொடுத்தாய். கம்ப்யூட்டரின் நினைவகத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, அதை ஒரு டிஸ்க் என்று கம்ப்யூட்டரையே நம்ப வைத்தாய். கரண்ட் இருக்கும் வரைதான் அந்த வீடு நிற்கும், அணைத்தால் தடம்கூட இருக்காது. தகட்டில் சுருக்கி வைத்த தவக்களையை எழும்பும்போதே அதற்குள் விரித்துப் போட்டு, எந்தக் கம்ப்யூட்டராக இருந்தாலும் அந்த வீட்டுக்கு ஒரே விலாசம் இருக்கும்படி கட்டளைகளை எழுதினாய். எழுதினாய் என்றால், நீ சொன்னாய், நான் தட்டினேன். வரிகளை உன் தலைக்குள் வைத்திருந்தாய். "மேல போ. நாலாவது வரில ஒரு இடைவெளி கூடிட்டு" என்பாய். பார்த்தால் கூடியிருக்கும்.

ஒரு மத்தியானம், சோற்றுப் பாத்திரத்தைத் திறக்கப் போகிற நேரம், உள்ளறையிலிருந்த ஹார்ட் டிஸ்க் கழற்றிய ஒரு பழைய கம்ப்யூட்டரில் தகட்டைச் செருகினோம். பீப். கர்ர், கர்ர் என்று தகடு சுற்றியது. அமைதி. பிறகு உள்ளே இருந்து, கரகரவென்று, "ரெடி" என்றது.

நீ என் கையைப் பிடித்தாய். எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. தனக்கென்று எதுவுமே இல்லாத ஒரு வெற்றுப் பெட்டி, வாயைத் திறந்து நான் தயார் என்று சொல்கிறது. யா அல்லாஹ் என்று என்னையறியாமல் சொன்னேன். உன் முகம் அன்று இருந்த மாதிரி வேறு எந்த முகத்தையும் நான் இன்றுவரை பார்க்கவில்லை.

சாத்தான்குளம் போனது அதற்குப் பிறகு, பொங்கலுக்கு முன்பு. இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் நம்பியதில்லை.

காலையில் ஃபோன். அங்கே வலிப்பு நோய்க்கு வைத்தியம் பார்க்கும் ஒரு டாக்டரம்மா. தன் நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். முந்தின நாள் இடி விழுந்ததிலிருந்து அது எழும்பவில்லை என்றார். ஸ்க்ரீனில் என்ன வருகிறது என்று நான் கேட்டேன். "ஒண்ணும் வரலம்மா, இருட்டா இருக்கு" என்றார். ஹார்ட் டிஸ்க் கோளாறு என்று நினைத்துக்கொண்டு, நீயும் நானும் மூலைக்கரைப்பட்டி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினோம். வழியெல்லாம் தூறல். உன் பையில் தகடு, ஒரு பாலித்தீன் உறையில், அதற்கு மேல் ஒரு கைக்குட்டையில் சுற்றி.

போய்ப் பார்த்தால் மானிட்டர் பின்பக்கம் கருகிக் கிடந்தது. மாற்று மானிட்டர் அந்த ஊரில் யாரிடமும் இல்லை. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போவோம் என்றேன் நான். டாக்டரம்மா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். உள்ளே கட்டிலில் ஒரு பெண்ணைக் காட்டினார். கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை, தாலிக் கயிற்றின் மஞ்சள் இன்னும் மங்கவில்லை. காலையிலிருந்து வலிப்பு வந்து வந்து போகிறது. பக்கத்தில் புருஷன், நனைந்த சட்டையோடு. மருந்துச் சீட்டெல்லாம் வீட்டில் மழை ஒழுகிக் கரைந்துவிட்டது என்றான்.

"ஊசி போட்டு நிறுத்தி வச்சிருக்கேன்" என்றார் டாக்டரம்மா. "அடுத்து ஒரு மருந்து ஏத்தணும். ரெண்டு மருந்து இருக்கு. அதுல ஒண்ணு இவளுக்கு ஆகாது. கல்யாணமான புதுசுல குடுத்து, மேலெல்லாம் கொப்பளிச்சு, உசிரு போய்த் திரும்பி வந்தா. எதுன்னு எனக்கு இப்ப நிச்சயமா ஞாபகம் வரல. அது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு."

"வெள்ள மாத்திர டாக்டரம்மா" என்றான் புருஷன்.

"எல்லாமே வெள்ளதானய்யா."

நான் செத்த மானிட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் இரண்டு கண்ணும் நன்றாகத்தான் இருந்தன. பார்ப்பதற்குத்தான் எதுவும் இல்லை. நீ கேட்டாய்: "மானிட்டர் மட்டும்தான கரிஞ்சிருக்கு? பெட்டில கரிஞ்ச வாட இல்லயே?" குனிந்து முகர்ந்து பார்த்தாய். "ஒயரக் கழத்து. எனக்கு ஒரு நாற்காலி போடு."

மானிட்டரை அப்புறப்படுத்தினேன். மேசையில் வெறும் பெட்டியும் கீபோர்டும். நீ தகட்டைச் செருகினாய். பீப் என்றது. உன் முகத்தின் இறுக்கம் தளர்ந்ததைப் பார்த்தேன், பெட்டிக்கு உயிர் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். கர்ர், கர்ர். நீ அந்தச் சத்தத்தை எண்ணெய் கொதிக்கும் பக்குவம் பார்ப்பது போலக் கேட்டுக்கொண்டிருந்தாய். பிறகு தவக்களை, "ரெடி."

உள்ளிருந்து எட்டிப் பார்த்த நர்ஸ் 'எம்மோ' என்று பின்னால் நகர்ந்தாள்.

நீ தட்டினாய். அப்படி ஒரு டிஸ்க் இல்லை என்றது தவக்களை. திரும்பத் தட்டினாய். இல்லை என்றது. நீ நிதானமாக இருந்தாய். "டிஸ்க் சுத்துத சத்தம் கேக்குது. முதல் பக்கம்தான் போயிருக்கு. எது எங்கன இருக்குன்னு சொல்லுத பக்கம். உள்ள இருக்கது இருக்கும்" என்று டாக்டரம்மாவிடம் சொன்னாய். தகட்டிலிருந்த ஒரு கருவியை ஓட்டினாய். அது டிஸ்க்கைத் துழாவித் துழாவி ஒரு கட்டத்தில் நின்று கேட்டது: கண்டுபிடித்ததை வைத்து முதல் பக்கத்தைத் திரும்ப எழுதவா, ஆமாம் அல்லது இல்லை? தப்பாக எழுதினால் எல்லாம் போய்விடும். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். டாக்டரம்மாவுக்கும் நீ ஒளிக்காமல் சொன்னாய். அவர், "நீ என்ன நெனைக்க?" என்றார்.

நீ அதை மறுபடி வாசிக்க வைத்தாய். எண்களை ஒவ்வொன்றாக. அந்தக் கரகரத்த குரல் எண் எண்ணாகச் சொல்ல, உன் உதடும் கூடவே அசைந்தது. அந்த அறையில் மழைச் சத்தமும் தவக்களையும் தவிர வேறு சத்தமில்லை. "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, விரலைக் கீபோர்டில் நகர்த்தி, ஒரு எழுத்தைத் தட்டினாய்.

அதன் பிறகு கோப்புகளின் பெயர்களைத் தவக்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கியது. நோயாளிகளின் கோப்பு வந்ததும் டாக்டரம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்.

"பேரு என்ன?"

"இசக்கியம்மாள்" என்றான் புருஷன்.

ஆங்கில எழுத்து ஐ-யில் தொடங்கித் தேடினாய். இல்லை. அவன் முகம் விழுந்துவிட்டது. "நீங்க எப்படி எழுதுவீங்க டாக்டரம்மா? ஈ போட்டா?" என்றாய். அவர் யோசித்து, "ஈ-யும் போடுவேன்" என்றார். ஈ போட்டுத் தேடினாய். தவக்களை ஒரு பெயரைச் சொன்னது. அதை இசக்கியம்மாள் என்று பெற்ற தாயும் கண்டுபிடித்திருக்க மாட்டாள். ஊர்ப் பெயரையும் புருஷன் பெயரையும் அடுத்தடுத்துச் சொன்னது. தன் பெயரை ஒரு பெட்டி சொல்வதைக் கேட்ட அந்த மனுஷன் கைகூப்பிவிட்டான். ஆகாத மருந்தின் பெயர் வந்தது. குரல் குழறியது. டாக்டரம்மாவுக்கு விளங்கவில்லை. நீ அதை எழுத்து எழுத்தாகச் சொல்ல வைத்தாய். மூன்றாவது எழுத்திலேயே அவர், "போதும்மா, போதும், தெரிஞ்சிட்டு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினார்.

அன்று மாலைக்குள் இசக்கியம்மாள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். அதற்குள் நீ மிச்சக் கோப்புகளையெல்லாம் கொண்டுபோன தகடுகளில் நகல் எடுத்து முடித்திருந்தாய். நர்ஸ் உனக்கு டீ கொண்டுவந்து, கையில் கொடுக்கலாமா மேசையில் வைக்கலாமா என்று தெரியாமல் நின்றாள். "கைலயே தா தாயி, நல்லாப் பிடிப்பேன்" என்றாய்.

திரும்பும் பஸ்ஸில் நீ ஜன்னலோரம். மழை விட்டிருந்தது. பனைகளுக்குப் பின்னால் தேரியின் செம்மணல் மேடு நனைந்து, வெயில் பட்டு, ரத்தமாகச் சிவந்து கிடந்தது. நீதான் பேச்சைத் தொடங்கினாய். "பயந்துட்டேன்ட்டி. அந்த ஒரு எழுத்தத் தட்டதுக்கு முன்னால ஒண்ணுக்கு வந்துட்டு." இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

டாக்டரம்மா ஃபோனில் என்ன சொன்னாரோ, அண்ணாச்சி மறுநாள் உன் நாற்காலிக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டார். முன்னறை பற்றிய பேச்சு அதன் பிறகு எழவில்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் நீ அந்த உள்ளறையில்தான் இருந்தாய். தகடு போய் சிடி வந்தது, சிடி போய் விரல் அளவுக் குச்சி வந்தது. ஒவ்வொன்றுக்கும் தவக்களையைப் புதிதாகக் குடியேற்றினாய். கண் தெரியாத யார் கேட்டாலும் நகல் எடுத்துத் தபாலில் அனுப்பினாய். போன ஆவணியில் காய்ச்சல் என்று படுத்தாய், நுரையீரல் தாங்கவில்லை. உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோது, எங்கள் உம்மா ஓரமாக நின்று உனக்காகக் கையேந்தித் துஆ செய்துகொண்டிருந்தாள்.

ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு முடிக்கிறேன். சாத்தான்குளத்திலிருந்து வந்த அடுத்த வாரம், உள்ளறையில் நீ இல்லாத நேரத்தில், நான் மானிட்டரை அணைத்துவிட்டு அந்தத் தகட்டைப் போட்டுப் பார்த்தேன். அதில் ஒவ்வொரு வரியும் என் விரல் தட்டியது. உனக்குக் கண்ணாக இருந்தவள் நான். எனக்குத் தெரியாதது அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். தவக்களை பேசத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் எங்கே இருக்கிறேன் என்று தெரியாமல் போயிற்று. எங்கிருந்து வந்தேன், அடுத்து எங்கே போவது, ஒன்றும் புரியவில்லை. ஒரு சின்னத் தகட்டுக்குள் திக்குத் தெரியாமல் நின்றேன். அன்றைக்குத்தான் நீ நடமாடும் இடம் எவ்வளவு பெரியது என்று எனக்கு உறைத்தது.

உன்னிடம் சொன்னேன். நீ சிரித்தாய்.

"மானிட்டர அணைச்சா இருட்டுதான் வரும். நான் இருக்கது இருட்டுல இல்ல, ஏளா."

"பெறவு?"

நீ பெட்டியின் பக்கம் முகத்தைத் திருப்பினாய். உள்ளே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, டிஸ்க் மெல்ல முனகியது. "அங்கன எல்லாம் இருக்கு. வரிசையா, எடத்துக்கு எடம் இருக்கு. நீங்க வெளிச்சத்துல பாக்கியள்லா, அத விட நிறைய" என்றாய்.

உனக்கு நான் பரிதாபப்பட்ட கடைசி நாள் அதுதான். எதிரில் வந்து நிற்கும் எந்த மனிதருக்குள்ளும் நான் காணாத ஓர் ஊரே இருக்கக்கூடும் என்ற வியப்பு அன்று எனக்குள் வந்தது. இத்தனை வருடத்தில் அது கொஞ்சமும் குறையவில்லை.